‘ஏன்டா?’ என்பது கேள்வியே இல்லை

நான் வேலை பார்ப்பது உள்தணிக்கைப் பிரிவில். 30 வருடமாகக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு ரசீதைக் கையில் கொடுத்தால், அதில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்பதுதான் முதலில் கண்ணில் படும். இந்தக் கண்ணை ஆபீஸிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் விழுந்திருக்காது.

என் மகன் நிரந்தர வேலையை விட்டதை, விட்டு மூன்று வாரம் கழித்துத்தான் எங்களிடம் சொன்னான். இனி காண்ட்ராக்டில் வேலை செய்யப் போகிறானாம். வருடத்தில் எட்டு மாதம் வேலை, நாலு மாதம் சும்மா. ‘சும்மா’ என்று அவன் சொல்லவில்லை. ‘என் நேரம்’ என்றுதான் சொன்னான். அதைச் ‘சும்மா’ என்று எடுத்துக்கொண்டது நான்.

அன்றைக்கு என் வாயிலிருந்து வந்ததெல்லாம் ‘ஏன்’தான். ஏன் முன்னாலேயே சொல்லல, ஏன் இன்னும் ரெண்டு வருஷம் பொறுக்கல, ஏன் உன் வயசுப் பசங்க யாருக்கும் தோணாதது உனக்கு மட்டும் தோணுது. முதல் இரண்டுக்கும் பதில் சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு பதிலிலும் ஓட்டை கண்டுபிடித்தேன், அதுதானே எனக்குத் தெரிந்த தொழில். என் கணவர் பேப்பரை மடிப்பதும் விரிப்பதுமாக உட்கார்ந்திருந்தார். கடைசியில், அநேகமாக எல்லா அம்மாக்களும் ஒருமுறையாவது சொல்லியிருக்கக்கூடிய அது வந்தது: “இதுக்காடா உன்ன இவ்ளோ கஷ்டப்பட்டு வளர்த்தோம்?”

“வளர்த்ததுக்கு பில் போடுறியாம்மா?” என்றான். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவன் மெதுவாகத்தான் சொன்னான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அப்புறம் ஐந்து மாதம். சண்டை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருவருக்கும் இடையே போன மெசேஜ்களை இப்போது தள்ளிப் பார்த்தால் திரை திரையாக ஒரே ஜோடிதான்: ‘சாப்பிட்டியா’, ‘ம்’. கேட்டவர்களிடம் “வேற வேலைக்கு மாறியிருக்கான்” என்று சொல்லிவைத்தேன். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் வேறு யாராவது இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் நான் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

தூக்கம் வராத ஒரு ராத்திரியில் எதையெதையோ தேடிப் படித்தேன். கார்ல் பில்லமர் என்கிற சமூகவியலாளர் அமெரிக்காவில் எடுத்த கணக்கெடுப்பு ஒன்று கண்ணில் பட்டது. 2020இல் வெளிவந்த அவர் புத்தகத்தில் இருப்பது. கேட்கப்பட்டவர்களில் 27 விழுக்காட்டினர், உறவில் யாரோ ஒருவரோடு தொடர்பே அறுந்துபோயிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நமக்கு மட்டும்தான் இப்படியா என்ற வெட்கம் கொஞ்சம் குறைந்தது. பயம் கூடிவிட்டது. அவர்களுக்கும் ஏதோ ஒரு ‘ம்’மில்தானே தொடங்கியிருக்கும்.

அப்பாவுக்கு 84 வயது, எங்களோடுதான் இருக்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. அறைக்குள் வாக்கர் போய்வர இடம் வேண்டும், சாமான்களை ஒழியுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தாத்தாவுக்கு என்றதும் மகன் வந்துவிட்டான். எனக்காக வரவில்லை என்பதை மனதுக்குள் குறித்துக்கொண்டேன். (இந்தக் குறித்துக்கொள்ளும் புத்தி இன்னும் போகவில்லை.)

அப்பா எதையும் தூக்கிப்போட மாட்டார். எரிந்துபோன சுவிட்ச், அறுந்த செருப்பு வார், மூடி இல்லாத பேனா, ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாள்கள். இதற்காக நாங்கள் போட்ட சண்டைகளுக்குக் கணக்கில்லை. “எதுக்குப்பா இது?” என்பேன். “இருக்கட்டும்” என்பார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்த இரண்டு வசனம்தான்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துருப்பிடித்த டப்பா வந்தது. நிறைய ஆணிகள். எல்லாம் ஒருமுறை வளைந்து, பிறகு சுத்தியலால் தட்டி நிமிர்த்தப்பட்டவை. நிமிர்த்திய ஆணியைப் பார்த்தாலே தெரியும். நடுவில் முழங்கை மாதிரி ஒரு சின்ன மடிப்பு இருக்கும், அந்த இடத்தில் மட்டும் சுத்தியல் பட்டுத் தட்டையாகியிருக்கும். மகன் ஒன்றை எடுத்துத் தரையில் உருட்டிவிட்டான். நொண்டி நொண்டி உருண்டது.

“எதுக்குத் தாத்தா இது?” என்றான்.

நான் கேட்கும் அதே வார்த்தைகள். ஆனால் என் குரலில் ‘எதுக்கு’ கீழே வந்து விழும், அவன் குரலில் அது மேலே போனது. கேட்டுவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தும்விட்டான், பதில் வரும்போது வரட்டும் என்கிற மாதிரி.

அப்பாவுக்குப் பதினொரு வயதில் அவருடைய அப்பாவுக்கு வேலை போயிருக்கிறது. வாடகை பாக்கி ஏறி, விடிவதற்குள் வீட்டைக் காலி செய்தாக வேண்டிய நிலை. கிளம்புவதற்கு முன்னால் அவர் சுவர் சுவராகப் போய் எல்லா ஆணியையும் சுத்தியலின் பின்பக்கத்தால் பிடுங்கி, வாசல் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தியிருக்கிறார். எதற்கு என்று பையன் கேட்டதற்குச் சொன்னாராம்: “வீடுதான் நம்மளது இல்ல. ஆணி நம்மளது.” அடுத்த இரண்டு வருடத்தில் நாலு வீடு மாறினார்கள். நாலிலும் அதே ஆணிகள், அடிப்பதும் பிடுங்குவதும். டப்பாவில் அந்தக் காலத்து ஆணிகளும் இருக்கின்றன, ஆனால் எவை என்று அவருக்கே இப்போது அடையாளம் தெரியாது.

துணி மடித்துக்கொண்டே இதைக் கேட்டேன். எனக்கு 56 வயது. முதல்முறையாகக் கேட்கிறேன்.

என் 23ஆவது வயதில், வேறு ஊரில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடமும் இங்கே நிரந்தர வேலைக்கான உத்தரவும் ஒரே மாதத்தில் வந்தன. “கையில இருக்கறத விடாத” என்றார் அப்பா. வேறு எதுவும் சொல்லவில்லை, ஆனால் நான் வேலையில் சேரும் வரை சரியாகச் சாப்பிடவுமில்லை. சேர்ந்துவிட்டேன். அந்த வேலை என்னைக் கைவிடவில்லை, நன்றாகவே வைத்திருக்கிறது. ஆனாலும் உள்ளே எங்கேயோ ஒரு கணக்கு முடிக்காமல் கிடந்திருக்கிறது. மகன் வேலையை விட்டான் என்றதும் எனக்கு வந்தது பயம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அன்றைக்குக் கட்டியதை இவன் கட்டாமல் தப்பித்துக்கொள்கிறானே என்ற ஆற்றாமையும் அதில் பாதி. இதை ஒப்புக்கொள்ளப் பல வாரம் பிடித்தது. பிள்ளைமேல் கோபம் வரும்போது, அதில் அவன் செய்த காரியத்துக்கான பங்கு எவ்வளவு, நம் பழைய பாக்கி எவ்வளவு என்று தனியாக உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். எனக்குப் பாதிக்குப் பாதி வந்தது.

ரொனால்ட் இங்கில்ஹார்ட் என்ற அரசியல் அறிஞர் 1970களில் சொன்ன கருத்து ஒன்று உண்டு. வளரும் வயதில் எது தட்டுப்பாடாக இருந்ததோ அதைத்தான் மனிதர்கள் பெரிதாக மதிப்பார்கள், பிற்பாடு வசதி வந்தாலும் அந்த மதிப்பு சீக்கிரம் மாறாது என்பது. போர்க்காலத்தில் வளர்ந்தவர்களையும் அதற்குப் பின் வளர்ந்தவர்களையும் மேற்கு ஐரோப்பிய நாடுகளில் ஒப்பிட்டுச் சொன்னார். முன்னவர்களுக்குப் பாதுகாப்பு பெரிது, பின்னவர்களுக்குத் தன் விருப்பப்படி வாழ்வது பெரிது. நாடுகளுக்காகச் சொன்னதை ஒரு வீட்டுக்குள் இழுத்துவருவது கொஞ்சம் அத்துமீறல்தான். ஆனாலும் அந்த டப்பாவைப் பார்த்த பிறகு இழுக்காமல் இருக்க முடியவில்லை. அப்பாவுக்குத் தட்டுப்பாடு கூரை. எனக்குச் சொந்தமாக முடிவெடுப்பது. மகனுக்கு என்ன தட்டுப்பாடு? எல்லாம்தானே கொடுத்தோம் என்று நினைத்தேன்.

‘ஏன்’ வேண்டாம், வேறு எப்படிக் கேட்பது என்று யோசித்து ‘எப்போதிலிருந்து’ என்று கேட்கலாம் என முடிவு செய்தேன். ‘ஏன்’ என்றால் நியாயப்படுத்தியாக வேண்டும், ‘எப்போதிலிருந்து’ என்றால் நடந்ததைச் சொன்னால் போதும். முதல் முயற்சி போனில். “இந்த எண்ணம் உனக்கு எப்போ இருந்துடா?” என்றேன். “என்னம்மா, ஆடிட்டா?” என்றான். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. வார்த்தையை மாற்றிவிட்டேன், குரலை மாற்றவில்லை.

இரண்டாவது முறை திட்டமிட்டது இல்லை. அப்பாவை உடற்பயிற்சி சிகிச்சைக்கு அழைத்துப்போயிருந்தோம். உள்ளே ஒரு மணி நேரம் ஆகும். வெளியே பெஞ்சில் நானும் அவனும், இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதே பெரிய வசதியாக இருந்தது. முக்கியமான பேச்சு என்றால் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னாரோ. எங்கள் வீட்டில் நல்ல பேச்சுகள் எல்லாம் பக்கவாட்டில்தான் நடந்திருக்கின்றன: வண்டியில், நடையில், பாத்திரம் துடைக்கையில்.

“ஆறாவதுல இருந்து” என்றான், அவனாகவே. “சாவி ஞாபகம் இருக்காம்மா?”

இருந்தது. ஆறாம் வகுப்பில்தான் அவனிடம் வீட்டுச் சாவி கொடுத்தோம். நீலக் கயிற்றில் கோத்துக் கழுத்தில். பள்ளி விட்டு மூன்றரைக்கு வருவான், நாங்கள் வர ஏழு ஆகும். வியர்வையில் கயிற்றின் சாயம் இறங்கிக் கழுத்தைச் சுற்றி நீலமாக ஒரு கோடு இருக்கும், ராத்திரி நான்தான் சோப்புப் போட்டுத் தேய்த்து எடுப்பேன். எனக்குத் தெரியாதது, அவன் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போகாமல் படியிலேயே உட்கார்ந்திருப்பான் என்பது. “உள்ள போனா யாரும் இல்லன்னு தெரியும். படியில இருந்தா தெரியாது” என்றான்.

யாருக்காக வேலைக்குப் போனோம் என்று கேட்கத் தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். அந்த வருடத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அதுதான். கண் கலங்குவதைப் பார்த்துவிட்டு உடனே, “எல்லாத்தையும் கதையாக்காதம்மா. அந்த வேலையும் படு போர், அதையும் சேர்த்துக்கோ” என்றான்.

அங்கேயே சொன்னேன்: “அன்னிக்கி நான் பில் போட்டது தப்புடா.” அத்தோடு நிறுத்திக்கொண்டேன். ‘ஆனா நீயும்’ என்று ஒரு வால் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வாலைச் சேர்த்தால் முன்னால் சொன்னது செல்லாது. “சரி” என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ‘சாப்பிட்டியா’வுக்கு ‘ம்’ வராமல் ஒரு போட்டோ வந்தது.

இனிமேல் எல்லாம் ஒத்துப்போகும் என்று ஒரு மாதம் குஷியாக இருந்தேன். அது வேறு ஒரு தப்பு. வெர்ன் பெங்ட்சன் என்ற ஆய்வாளர் 1971இல் தொடங்கி, தெற்குக் கலிஃபோர்னியாவில் 300க்கும் மேற்பட்ட மூன்று தலைமுறைக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தவர். பெற்றோரும் பிள்ளையும் எவ்வளவு நெருக்கம் என்று தனித்தனியாகக் கேட்டால், பெற்றோர் சொல்லும் அளவு சராசரியாகப் பிள்ளைகள் சொல்வதைவிடக் கூடுதலாகவே இருந்தது. தான் கட்டியது தொடர வேண்டும் என்பது பெற்றோரின் அக்கறை. தான் வேறு ஆள் என்று காட்டிக்கொள்வது பிள்ளையின் அக்கறை. அதனால் ஒருவர் ஒற்றுமையைப் பெரிதாக்கிப் பார்க்கிறார், மற்றவர் வேற்றுமையை. நான் ‘எங்களுக்குள்ள இப்போ எல்லாம் சரியாயிடுச்சு’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில் மகனைக் கேட்டிருந்தால், ‘பரவாயில்ல’ என்றிருப்பான். இப்போதெல்லாம் நான் நினைப்பதிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொள்கிறேன்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது நிறைய உதவியது. ஒவ்வொரு விஷயத்திலும் இதன் பலன் யார் தலையில் விடியும் என்று கேட்டுக்கொண்டோம். அவன் நாலு மாதம் என்ன செய்கிறான் என்பது அவன் பாடு, அதில் எனக்கு ஓட்டு கிடையாது. கையில் காசில்லாமல் எங்களிடம் வந்து நின்றால் அது எங்கள் பாடும்கூட, அதில் ஓட்டு உண்டு. ஆகவே முன்கூட்டியே பேசிவைத்தோம்: உடம்புக்கு ஏதாவது என்றால் கேட்காமலே செய்வோம், வாடகைக்கு இரண்டு மாதம் தாங்குவோம், அதற்கு மேல் இல்லை. சொல்வதற்குக் கூசியது. அவன்தான், “இது தெளிவா இருக்கு, நல்லது” என்றான்.

பிள்ளைகள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அவன் என்னிடம் விளக்கியதெல்லாம் மனநிறைவு, சுதந்திரம் என்று. பிறகு ஒருநாள் தற்செயலாக ஒரு தாளைக் காட்டினான். எத்தனை மாதத்துக்குச் சேமிப்பு இருக்கிறது, மருத்துவக் காப்பீடு எது வரை, இந்த ஏற்பாடு சரிவராவிட்டால் எந்தத் தேதிக்குள் முழுநேர வேலை தேடத் தொடங்குவான், எல்லாம் எழுதியிருந்தது. முதல் நாளே இதைக் காட்டியிருந்தால் என் ஏன்களில் பாதி எழுந்தே இருக்காது. பயந்த ஆளிடம் கனவைப் பற்றிப் பேசினால் பயம்தான் கூடும், முதலில் கணக்கைக் காட்டுங்கள். முடிவெடுத்த பிறகு மூன்று வாரம் மறைத்ததும் தப்பு. அனுமதி கேட்க வேண்டாம், தகவலையாவது நேரத்துக்குச் சொல்லலாம்.

இன்னொன்று, நான் தபால்காரி உத்தியோகத்தை ராஜினாமா செய்தேன். “அப்பா கேக்கச் சொன்னார்” என்று இங்கே, “அவன் வருத்தமா இருக்கான்” என்று அங்கே, 27 வருடமாகக் கணவருக்கும் மகனுக்கும் நடுவே நான்தான் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். போகிற வழியில் கொஞ்சம் சேர்ப்பேன், கொஞ்சம் எடுப்பேன். இனி நீங்களே பேசிக்கோங்க என்றதும் ஆறு வாரம் இருவரும் பேசவே இல்லை. வயிறு கலங்கியது. அப்புறம் சைக்கிள் பிரேக்கைப் பற்றி ஒரு போன் வந்தது, அரை மணி நேரம் பேசினார்கள். பிரேக்கைப் பற்றி மட்டும்தான்.

சேராதவை அப்படியேதான் இருக்கின்றன. நான் தினமும் பிரார்த்தனை செய்கிறவள், அவனுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. முன்பெல்லாம் வாதம் நடக்கும், இரண்டு பக்கமும் புத்தகம் படித்துத் தயாராகி வருவோம். இப்போது அவன் வந்திருக்கும் நாட்களில் நான் கண்ணை மூடும்போது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பான், போனை எடுக்க மாட்டான். நானும் ‘நீயும் ஒருவாட்டி வேண்டிக்கோ’ என்று சொல்வதில்லை. இதற்கு மேல் இதில் ஒன்றும் நடக்கும் என்று தோன்றவில்லை, நடக்க வேண்டிய தேவையும் இல்லை.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு தயக்கமும் உண்டு. கை நீட்டுகிற வீடு, பிள்ளையின் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்கிற வீடு, யாரோடு வாழ்வது என்பதில் மிரட்டுகிற வீடு, அங்கெல்லாம் நடப்பதைக் கருத்து வேறுபாடு என்று சொல்லக் கூடாது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து ‘எப்போதிலிருந்து’ என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முதலில் பாதுகாப்பான தூரத்துக்குப் போக வேண்டும். எங்களுக்கு இருந்தது வெறும் வறட்டுப் பிடிவாதம், அது ஒரு விதத்தில் அதிர்ஷ்டம்.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் வேறு. தனக்குக் குழந்தை வேண்டாம் என்று போன வருடம் சொன்னான். ‘ஏன்’ என்று கேட்கவில்லை. ‘எப்போதிலிருந்து’ என்றும் கேட்கவில்லை, அந்தப் படிக்கட்டு பதிலாக வந்துவிடுமோ என்று பயம். “சொன்னியே, அது போதும்” என்றேன். ராத்திரி அவரிடம் சொல்லி அழுதேன், அவர் எழுந்துபோய் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு வந்து படுத்தார். இதில் நான் இன்னும் எங்கேயும் வந்து சேரவில்லை.

போன வாரம் மகன் புது வாடகை வீட்டுக்குப் போனான். கிளம்பும் முன் தாத்தாவிடம் சொல்லிக்கொள்ள அறைக்குள் போனவனை அப்பா நிறுத்தி, டப்பாவைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நாலு ஆணியைத் தேர்ந்தெடுத்து ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். “காலி பண்ணும்போது மறக்காம எடுத்துக்கிட்டு வா” என்றார்.

அந்த வீட்டில் சுவரில் ஆணி அடிக்க அனுமதி கிடையாது, ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. “சரி தாத்தா” என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.